இருநூற்றுப் பதினாறு ரூபாய்த் தேங்காய்

எங்கள் முதலாளி வெள்ளியங்கிரிக்கு எதுவும் சும்மா இருக்கக் கூடாது. தையல் மெஷின் சும்மா இருந்தால் சூப்பர்வைசரைக் கூப்பிடுவார். சூப்பர்வைசர் சும்மா இருந்தால் ஊரே கேட்கும்படி கூப்பிடுவார். ஒருமுறை வரவேற்பறையில் ஒரு நாற்காலி மூன்று நாளாகக் காலியாகவே கிடக்கிறது என்று அதைப் பேக்கிங் செக்‌ஷனுக்கு அனுப்பிவிட்டார். நான்காம் நாள் துணி வாங்க வந்த பையர் நின்றுகொண்டே ஆர்டர் பேசினார். பெருமாநல்லூரில் நூற்று நாற்பது பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனியை அவர் எழுப்பியது இந்தக் குணத்தால்தான். இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய தப்பைச் செய்ததும் இதே குணத்தால்தான். அந்தத் தப்பைக் கண்டுபிடித்தது நான்.

என் பெயர் சித்ரகலா. அந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகக் காஸ்டிங் பார்க்கிறேன். ஒரு டீ-சர்ட்டை என் மேஜையில் போட்டால் போதும். நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், அயர்னிங், பெட்டி, கழிவு என்று பிரித்துப் போட்டு, ஒரு பீஸ் என்ன விலைக்குப் போனால் நாம் பிழைப்போம் என்று பைசா சுத்தமாகச் சொல்லிவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். கணக்கு சரியாக இருக்கும்போது வாய் நீளமாக இருந்தால் தப்பில்லை என்பது என் கட்சி.

போன தை மாதம் முதலாளியின் மகன் நித்தீஷ், டீ-சர்ட்டுக்குப் பதிலாக ஒரு காற்றாலையை என் மேஜைக்குக் கொண்டுவந்தார். அதாவது அதன் ஃபைலை.

திருப்பூர்க்காரர்கள் பலருக்கு இருப்பதுபோல எங்கள் முதலாளிக்கும் ஒரு காற்றாலை உண்டு. பல்லடத்துக்குத் தெற்கே கேத்தனூர் பக்கம் நிற்கிறது. அங்கே அது சுற்றித் தரும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியில் ஏறும். அந்த யூனிட்டை எங்கள் கம்பெனி பில்லில் கழித்துக்கொள்வார்கள். வரியில் சலுகை கிடைக்கிறது என்று ஒரு மார்ச் மாதம் அவசர அவசரமாக வாங்கியது. அதே மார்ச்சில், அதே ஏஜென்ட்டிடம், அதே மாடலை அவருடைய பங்காளி அய்யாசாமியும் வாங்கினார். பெரியப்பா மகன், சித்தப்பா மகன். ஒருவர் ஒன்று வாங்கினால் மற்றவருக்குத் தூக்கம் வராது. இரண்டு காற்றாலைகளும் அரை கிலோமீட்டர் தள்ளித் தள்ளி நிற்கின்றன. ஊரில் எல்லோரும் காத்தாடி என்றுதான் சொல்வார்கள்.

"இருவது வருசத்துக்குன்னு டிசைன் பண்ணுனதுங்க அக்கா, இருவத்தேழு ஆச்சு" என்றார் நித்தீஷ். "நாலரை லட்சம் யூனிட் குடுத்தது இப்ப மூணு லட்சந்தான் குடுக்குது. பழைய இரும்புக்குப் போட்டுப்போட்டு, புதுசா வர்ற பெரிய காத்தாடில பங்கு எடுத்துக்கலாம்னு அப்பாவும் நானும் முடிவு பண்ணிட்டோம். நூத்தி இருவது மீட்டர் ஒசரத் தூணுங்க அக்கா!"

"பங்குக்குப் பணம்ங்க தம்பி?"

"மூணு கோடி லோன். கம்பெனிக் கட்டடத்த அடமானம் வெக்கறோம். பேங்க்ல காஸ்டிங் ரிப்போர்ட் கேக்கறாங்க. நீங்க பாத்துக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

'பார்த்து' என்றால் பார்க்காமல் என்று அர்த்தம் என்பது பத்தொன்பது வருடத்தில் எனக்குத் தெரியும். கட்டடத்தை அடமானம் வைத்து, இரண்டு சீசன் ஆர்டர் தவறி, கேட்டில் பேங்க் நோட்டீஸ் தொங்கும் கம்பெனிகளை எங்கள் தெருவிலேயே காட்டுவேன். "ஒரு வாரம் குடுங்க தம்பி" என்று ஃபைலை வாங்கிக்கொண்டேன்.

காற்றாலைக்கும் டீ-சர்ட்டுக்கும் காஸ்டிங்கில் பெரிய வித்தியாசமில்லை. டீ-சர்ட்டில் செலவைக் கூட்டிப் பீஸால் வகுக்கிறோம். காற்றாலையில் அது நட்ட நாளிலிருந்து கிரேன் வைத்துக் கழற்றிக் கீழே இறக்கும் நாள்வரை ஆகும் அத்தனை செலவையும் கூட்டி, வாழ்நாள் முழுக்க அது தரும் யூனிட்டால் வகுக்க வேண்டும். நித்தீஷ் கொடுத்த தாளில் கடைசியில் இறக்கும் செலவே இல்லை. விற்கிறவர்கள் அதை மறப்பார்கள். அது அவர்கள் பிழைப்பு. அதையும் வட்டியையும் சேர்த்தபோது புதுக் காற்றாலையில் ஒரு யூனிட் நாலு ரூபாய் பத்துப் பைசாவுக்கு வந்தது. பழையதற்குக் கடன் எப்போதோ அடைந்துவிட்டது. பராமரிப்பு, இன்சூரன்ஸ், ஆபரேட்டர் சம்பளம், பெரிய பாகம் மாற்ற ஒதுக்குவது, கடைசியில் இறக்கும் செலவு எல்லாம் சேர்த்தாலும் வருடத்துக்கு ஏழரை லட்சம். மூன்று லட்சம் யூனிட் தந்தாலே யூனிட் இரண்டரை ரூபாய்தான். பழையபடி நாலரை லட்சம் தந்தால் ஒன்றே முக்கால் ரூபாய்கூட வராது.

ஆனால் அது அடுத்த வருடம் இரண்டரை லட்சம் தந்து, அதற்கடுத்த வருடம் படுத்துவிட்டால்? அங்கேதான் கேள்வி. போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று கேத்தனூருக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே ஆபரேட்டர் கன்னையன், தேனிப் பக்கத்துக்காரர், இருபத்திரண்டு வருடமாக அந்தத் தூணில் ஏறி இறங்குகிறவர். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"இதப் போயி இரும்புக்குப் போடுறாகளாக்கும்? நீங்களே பாருங்கக்கா. ஆயில் டெஸ்ட் ரிப்போர்ட்டு இந்தா இருக்கு. ஒரு போல்ட்டு லூஸ் கெடையாது. றெக்கையில ஒரு கீறல் கெடையாது. கியர்பாக்ஸு மட்டுந்தேன் பன்னெண்டு வருசத்துல ரெண்டு தடவ மாத்தியிருக்கு."

"அய்யாசாமி காத்தாடில எத்தன தடவைங்க?"

"அதுலயா? வந்தப்ப இருந்த கியர்பாக்ஸுதேன் இன்னமும் ஓடுது. வருசத்துக்கு நாலு லட்சத்து முப்பதாயிரம் குடுக்குது. அது ராசியான எடம்னு எல்லாரும் சொல்றாக."

ராசிக்கு என் காஸ்டிங் சீட்டில் இடமில்லை. இருபத்தேழு வருடத்தின் மாதாந்திர ரீடிங்கை எல்லாம் படம் எடுத்துக்கொண்டேன். தூணுக்கு மேற்கே தென்னந்தோப்பு நிழலில் உட்கார்ந்து, கன்னையன் வெட்டித் தந்த இளநீரையும் குடித்தேன். நல்ல இளநீர். அந்த நிமிடம் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஆபீசில் ரீடிங்குகளை மாதவாரியாகப் பிரித்துப் போட்டபோதுதான் உறைத்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே நிட்டிங் மெஷினில் ஒரு ஷிப்டில் நல்ல துணியும் அடுத்த ஷிப்டில் ஓட்டை விழுந்த துணியும் வந்தால் ஊசியைக் குறை சொல்ல மாட்டோம். இரண்டு ஷிப்டிலும் அதே ஊசிதானே. ஷிப்டில் என்ன மாறியது என்று பார்ப்போம். இந்தக் காற்றாலையில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வரும் யூனிட் அன்றைக்கும் இன்றைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரைதான் பாதியை நெருங்கிக் குறைந்திருந்தது. மெஷினுக்கு வயதானால் பன்னிரண்டு மாதமும் வயதாகும். மேல்காற்று மாதங்களில் மட்டும் வயதாகாது. அப்படியானால் மேற்கே என்ன மாறியது?

இளநீர் ருசி மறுபடி நாக்கில் வந்தது.

காற்றாலைக்கென்று முதலாளி நாலு ஏக்கர் வாங்கினார். தூணுக்குக் கால் ஏக்கர் போதும். மிச்சம் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கலாமா? வாய்க்கால் தண்ணீர் மேற்கு மூலையில் ஏறும் என்பதால் மேற்கே ஐம்பத்திரண்டு தென்னை வைத்தார். வைத்தபோது முழங்கால் உயரம். இப்போது பதினேழு மீட்டர். காற்றாலையின் தூண் முப்பது மீட்டர். இறக்கை சுற்றிக் கீழே வரும்போது அதன் நுனி பதினாறு மீட்டருக்கு இறங்குகிறது. அய்யாசாமி தன் நாலு ஏக்கரையும் ஆட்டுக்கு விட்டுவிட்டார். அதற்காக அவரைச் சோம்பேறி என்று எங்கள் முதலாளி இருபத்தேழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூரில் காற்றாலை டிசைன் வேலை பார்க்கும் இன்ஜினியர் ஒருவருக்குப் போன் போட்டேன். "நூத்தம்பது மீட்டருக்குள்ள மரம் இருந்தா, எறக்கையோட கீழ் நுனி மரத்தவிடப் பத்து மீட்டராவது மேல இருக்கோணும்ங்க" என்றார். "இல்லீனா மேல் பாதிக்கு நல்ல காத்து, கீழ் பாதிக்கு மரம் கலக்கிவிட்ட காத்து. சுத்துக்கு ஒருக்கா எறக்க ஒதறும். அந்த ஒதறல் அத்தனையும் கியர்பாக்ஸ்லதான் போயி எறங்கும்."

இரண்டு கியர்பாக்ஸ் எங்கே போயிற்று என்பதும் தெரிந்துவிட்டது.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தத் தோப்புத் தேங்காய் எங்கள் கம்பெனியில் ஒரு சடங்கு. ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு தொழிலாளிக்கும் இரண்டு காய். பையருக்கு, பேங்க் மேனேஜருக்கு, வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களுக்கு ஒரு பை. "நம்ம காத்தாடிக் காட்டுக் காய்ங்க. சும்மா வந்தது, கொண்டுபோங்க" என்று முதலாளி தன் கையாலேயே கொடுப்பார். கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு வாரம் முடிந்த அன்று, பூஜை அலமாரியிலிருந்து ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். நித்தீஷ் இருந்தார். செக்கிங் செக்‌ஷனைக் கவனித்துக்கொள்ளும் முதலாளியின் மனைவி ரங்காத்தாள் அம்மாவும் ஏதோ ரிஜெக்‌ஷன் விஷயமாக வந்திருந்தார். தேங்காயை மேஜைமேல் வைத்தேன்.

"இது என்ன வெலைங்க முதலாளி?"

"இதுக்கேது அம்முணி வெல? நம்ம காட்டுது. சும்மா வந்தது."

"இருநூத்திப் பதினாறு ரூவாங்க."

தாளை நீட்டினேன். இழந்த யூனிட் வருடத்துக்கு ஒன்றரை லட்சம். அதை மின்வாரியத்திடம் வாங்கும் விலையில், யூனிட் ஆறரை ரூபாய் வீதம் ஒன்பதே முக்கால் லட்சம். கியர்பாக்ஸ் இரண்டுக்கும் பதினெட்டு லட்சம், பன்னிரண்டால் வகுத்தால் வருடத்துக்கு ஒன்றரை லட்சம். ஆகப் பதினொன்றே கால் லட்சம். ஐம்பத்திரண்டு மரத்தில் வருடத்துக்கு ஐயாயிரத்து இருநூறு காய். வகுத்துக்கொள்ளலாம்.

நித்தீஷ் செல்போனில் வகுத்துப் பார்த்தார். முதலாளியின் முகம் சிவந்தது.

"காத்தாடிக்கு வயசாயிப்போச்சுன்னு ஊரே சொல்லுது. நீ மரத்தக் குத்தம் சொல்றயா? அது கொழந்தையாட்ட வளத்துன மரம்!"

"மரத்துமேல குத்தமில்லீங்க. வெச்ச எடந்தான்."

"வெட்டிப்போட்டுக் காத்து வரலீனா? மரத்த ஒட்ட வெச்சுக் குடுப்பயா?"

"வரும்ங்க."

"எத்தன யூனிட்டு வரும்? மேல்காத்து அஞ்சு மாசத்துல? சொல்லு, பாக்கலாம்."

போன மூன்று வருடமும் அந்த ஐந்து மாதத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டவில்லை. இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை.

"மூணு லட்சம்ங்க."

"வரலீனா?"

"என்னைய அனுப்பிப்போடுங்க."

கோபத்தில் சொன்னதைக் கோபத்திலேயே பிடித்துக்கொண்டார். ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். வேலையை விட்டு விலகுகிறேன் என்று எழுதி, தேதி போடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை மடித்து டிராயரில் வைத்தார். என் மகள் ஜனனி இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். அவள் ஃபீஸ் கட்டும் சம்பளம் அந்த டிராயருக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் கணக்கில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"வெட்டறதா வேண்டாமான்னு நான் இன்னும் சொல்லல" என்றார் முதலாளி.

"நான் சொல்றேன்" என்றார் ரங்காத்தாள் அம்மா. அதுவரை அவர் தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்பத்திரண்டுக்கும் தண்ணி ஊத்துனது நானு. வெட்டுங்க. ஒரு பீஸுல ஓட்டையிருந்தா நான் ஆருகிட்டக் கேட்டுக்கிட்டா ஒதுக்கறேன்? ஆனா கடேசிக் காய் பூராவும் எனக்கு வேணும். நித்தீசு, அடமானப் பேச்ச அக்டோபர் வரைக்கும் எடுக்கப்படாது."

மாசியில் மரங்களை வெட்டினார்கள். நான் போயிருந்தேன், என் கணக்குக்காக விழும் மரத்தை நான் பார்க்காமல் இருப்பது நியாயமில்லை என்று தோன்றியது. ஒவ்வொரு மரமும் விழும்போது தரை அதிர்ந்தது. ரங்காத்தாள் அம்மா அழுதார். அவரைத் தேற்றப் போன நானும் அழுதேன். முதலாளி வரவேயில்லை. கடைசிக் காய்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய், அம்மா தன் வீட்டுக்குப் பின்னால் மணல் பரப்பிப் புதைத்து வைத்தார்.

அதன் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன். தினமும் காலையில் கன்னையன் வாட்ஸப்பில் மீட்டர் படம் அனுப்புவார். மே மாதம் வந்தது, காற்று வரவில்லை. ஜூன் பாதியில்தான் மேல்காற்று கிளம்பியது. கிளம்பியதும் யூனிட் குபுகுபுவென்று ஏறியது; ஒரே நாளில் நாலாயிரத்து இருநூறு. கன்னையன் மீட்டர் படத்தோடு கை கூப்பும் பொம்மை ஆறு அனுப்பினார். நான் கான்டீனில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். ஜூலையில் பன்னிரண்டு நாள் இலைகூட அசையவில்லை. மழை தள்ளிப்போயிற்று என்று டி.வி.யில் சொன்னார்கள். ஆகஸ்ட் பரவாயில்லை. செப்டம்பரில் காற்று பத்து நாள் முன்னாலேயே மூட்டை கட்டிவிட்டது.

செப்டம்பர் முப்பதாம் தேதி ரீடிங் வந்தது. ஐந்து மாதமும் சேர்த்து இரண்டு லட்சத்து எழுபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பது.

போன வருடத்தைவிடத் தொண்ணூறாயிரத்துக்கு மேல் கூடுதல்தான். ஆனால் நான் சொன்னது மூன்று லட்சம். இருபத்தெட்டாயிரம் யூனிட் குறைகிறது. நூல் விலை எங்கள் கையில் இல்லை என்பதால் எந்த பையருக்கும் ஆறு மாதத்துக்கு விலை உறுதி சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட நான் காற்றுக்கு விலை சொல்லியிருக்கிறேன். மரத்தைப் பற்றிப் பந்தயம் கட்டியிருக்க வேண்டும். வாய்க்கொழுப்பில் காற்றைப் பற்றிக் கட்டிவிட்டேன். பக்கத்துக் காற்றாலைக்கு எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வரும் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்!

பக்கத்துக் காற்றாலை.

மறுநாளே கேத்தனூருக்குப் போனேன். அய்யாசாமி ஆட்டுப் பட்டியில் வேலி கட்டிக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்குகிறவர், எதற்கும் அவசரப்படாதவர். முதலாளி சொல்வதுபோல் சோம்பேறி என்று எனக்குத் தோன்றவில்லை. நான் யார் என்று சொன்னதும் முதலில் டீ வரவழைத்தார்.

"இந்த வருசம் காத்தே இல்லீங்க அம்முணி" என்றார். "எம்பட காத்தாடி எப்பவும் இந்த அஞ்சு மாசத்துல மூணு லட்சத்துக்குக் கொறயாது. இந்தத் தடவ போச்சு. வயசாயிருச்சாட்ட இருக்குது. நானும் இரும்புக்குப் போட்டுப்போடலாமான்னு ரோசன பண்ணிக்கிட்டிருக்கறன்."

"ரீடிங் பாக்கலாமுங்களா?"

எதற்கென்றுகூட அவர் கேட்கவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து, போனில் மீட்டர் படத்தைக் காட்டினார். "பங்காளிக்குள்ள ஆயிரம் இருக்கும். யூனிட்டுல என்னங்க ஒளிவுமறைவு?" என்று என் போனுக்கே அனுப்பியும் வைத்தார்.

இரண்டு லட்சத்து எழுபத்தோராயிரத்து ஐந்நூற்று முப்பது.

நான் மூன்று முறை படித்தேன். "உங்க காத்தாடிக்கு வயசாகலீங்க. காத்துக்குத்தான் இந்த வருசம் ஒடம்பு சரியில்ல. இரும்புக்குப் போட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்து சீட் அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

முதலாளி அறையில் இந்த முறையும் அதே மூன்று பேர். டிராயரிலிருந்து என் கடிதத்தை அவர் ஏற்கெனவே எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார். பேனாவும் பக்கத்தில் இருந்தது.

"மூணு லட்சம்னு சொன்ன அம்முணி. வரல."

"வரலீங்க. நான் சொன்ன நெம்பர் தப்பு. இதையும் பாத்துட்டுச் சொல்லுங்க."

அய்யாசாமியின் மீட்டர் படத்தை நீட்டினேன். முதலாளி போனைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதாருது?"

"உங்க பங்காளிதுங்க. அதே அஞ்சு மாசம்."

நூற்றுப்பத்து யூனிட். எங்கள் காற்றாலை அய்யாசாமியின் காற்றாலையைவிட நூற்றுப்பத்து யூனிட் அதிகம். கம்பெனியில் அரை மணி நேரத்தில் செலவாகிவிடும் மின்சாரம் அது. ஆனால் முதலாளியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தால் நூற்றுப்பத்து கோடி என்று நினைத்திருப்பீர்கள்.

"பதினஞ்சு வருசம்!" என்று மேஜையைத் தட்டினார். "எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டு, 'உம்பட காத்தாடி எத்தன யூனிட்டு குடுக்குது வெள்ளிங்கிரி'ன்னு கேப்பான்! பாயசம் எறங்காது எனக்கு! ரங்காத்தா, பாத்தயா? நம்முளுது சேத்தி!"

"அப்பக் காத்தாடில கொறையே இல்லீங்க அப்பா" என்றார் நித்தீஷ். நல்ல பையன், ஒத்துக்கொள்ள அவருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. "காத்து நல்லா அடிக்கிற வருசத்துல அக்கா சொன்ன மூணு லட்சம் தாராளமா வரும். பேங்க்ல வேண்டாம்னு சொல்லிப்போடறேன்."

கட்டடம் தப்பியது. முதலாளி என் கடிதத்தை இரண்டு விரலால் எடுத்து நீட்டினார். "இந்தா, கிழிச்சுப் போட்டுரு" என்றார். வாங்கிக்கொண்டேன். அப்போது ஜன்னலுக்கு வெளியே கம்பெனி டெம்போ கண்ணில் பட்டது. அதில் தென்னங்கன்றுகள் அடுக்கியிருந்தன. அம்மா மணலில் புதைத்த கடைசிக் காய்கள் முளைத்து, முழ உயரத்துக்கு ஓலை விட்டிருந்தன.

"அது எங்கீங்க போகுது?"

"அதா?" முதலாளி மீசையைத் தடவிக்கொண்டார். "ரெண்டு நாள்ல ஆயுத பூசையல்ல? பங்காளிக்குச் சீரு. நூத்தம்பது கன்னு. அவன் காடு நாலு ஏக்கராவும் சும்மா கெடக்குது பாவம். தோப்பா வெச்சுக்கட்டும். மேக்கால இருந்து ஆரம்பிக்கச் சொல்லு."

நித்தீஷ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது; பொய் சொல்ல மாட்டேன். அடுத்த கணம் அய்யாசாமி கண்ணாடியைத் தேடி எடுத்தது ஞாபகம் வந்தது. எதற்கு என்றுகூடக் கேட்காமல் கொடுத்த மனிதர். கோபம் தலைக்கு ஏறியது.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அவர் மேஜைமேல் திரும்ப வைத்தேன்.

"அவர் ரீடிங் குடுக்கலீனா இன்னேரம் இதுல தேதி இருக்கும்ங்க. கன்ன எறக்கச் சொல்லுங்க."

"அவன் எம்பட பங்காளி. உனக்கென்ன அம்முணி?"

"எனக்கொண்ணுமில்லீங்க." பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். "வண்டி கெளம்புச்சுன்னா நான் தேதி போட்டுக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவைத் தாள்மேல் வைத்தேன். ஜனனியின் முகம் வந்து போயிற்று; அப்போதும் பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

"தேதி போடறதுன்னா ரெண்டு தாளாக் கொண்டுவா சித்ரா" என்றார் ரங்காத்தாள் அம்மா. "எனக்கும் ஒண்ணு. இன்னொருத்தங் குடியக் கெடுக்கறதுக்கா நான் கன்னு வளத்துனேன்?"

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தக் கம்பெனியில் காஸ்டிங்கும் செக்கிங்கும் ஒரே நாளில் நின்றால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஜன்னலைத் திறந்து டிரைவரைக் கூப்பிட்டார்.

"சரவணா! வண்டிய ஆஃப் பண்ணு. கன்னெல்லாத்தயும் எறக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, தோற்றவர்போல இல்லாமல் முடிவெடுத்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, "நூத்தம்பது கன்னு இங்க சும்மா கெடக்கலாமா? அதுக்கொரு வழி சொல்லு" என்றார்.

சொன்னேன். அந்த ஆயுத பூஜைக்கு யாருக்கும் தேங்காய் இல்லை. நூற்று நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு கன்று. அவரே தன் கையால் கொடுத்தார், "சும்மா வந்தது, கொண்டுபோங்க" என்று. இந்த முறை கணக்குப் பார்த்தேன். மணலும் தண்ணீரும்தான் செலவு, அந்த வார்த்தை ஏறக்குறைய உண்மை.

கடிதத்தை நான் கிழிக்கவில்லை. என் டிராயரில் வைத்திருக்கிறேன். எப்போது உதவும் என்று யாருக்குத் தெரியும். எனக்குக் கிடைத்த கன்றை வீட்டுக்குப் பின்னால் நட்டிருக்கிறேன். கிழக்கே கண்ணுக்கு எட்டிய தூரம்வரை காத்தாடி எதுவும் இல்லை என்று மொட்டை மாடியில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் குழி தோண்டினேன்.